இங்கிலீஷ் வீல் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: பழைய கார் ஒன்றை வீட்டிலேயே சரிசெய்து வருகிறேன். முன்பக்க மட்கார்டின் கீழ்ப்பகுதி துருவேறி உதிர்ந்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் நானே தகட்டில் அடித்து எடுத்து வெல்டிங் வைக்க ஆசை. இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை ஓட்டி வளைக்கும் இங்கிலீஷ் வீல் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? தகடு என்ன கனத்தில் எடுப்பது?

பதில்: வீல் இப்போது வேண்டாம். உங்கள் வேலைக்கு மணல் அடைத்த தோல் பை, ஒரு கொட்டாப்புளி, முகம் லேசாகக் குவிந்த டிங்கரிங் சுத்தியல், வளைவு வேறுபட்ட இரண்டு டோலி (தகட்டுக்கு அடியில் கையால் பிடிக்கும் இரும்புக் கட்டி) இருந்தால் போதும்.

பைமேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் அந்த இடம் விரிந்து குழியும். பார்க்கக் கண்றாவியாகத்தான் இருக்கும், விடுங்கள். பிறகு அடியில் டோலியைக் கொடுத்து மேலே சுத்தியலால் தட்டிச் சமன்செய்ய வேண்டும். டோலிக்கு நேர் மேலே அடி விழுந்தால் 'டங்' என்று கேட்கும். அங்கே தகடு மெலிந்து விரிகிறது. டோலியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மேட்டில் அடித்தால் சத்தம் மந்தமாகும், மேடு இறங்கும். இந்தச் சத்த வித்தியாசம் காதுக்குப் பழகிவிட்டாலே பாதி வேலை கைக்கு வந்த மாதிரி. டோலி வாங்கும்போது முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். அதிலுள்ள கீறல் அப்படியே தகட்டில் பதியும்.

வீலும் இந்த விரித்தல், சமன்செய்தல் வேலையைத்தான் வேகமாகச் செய்கிறது. மலிவான வீலில் சட்டம் நெளியும். அழுத்தம் ஒரே சீராக நிற்காது. கையில் காசு மிஞ்சினால் ஷ்ரிங்கர்-ஸ்ட்ரெச்சர் (தகட்டு விளிம்பைத் தாடையால் கவ்விச் சுருக்கவும் நீட்டவும் உதவும் கருவி) வாங்குங்கள். மட்கார்டின் மடிப்பு விளிம்பைச் சுருக்கி வளைப்பதுதான் சுத்தியலுக்குக் கஷ்டமான இடம். அதன் தாடை பல்தடம் விடும், அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம்.

தகட்டுக்கு வருவோம். துருப்பிடிக்காத இடத்தில் இருபுறமும் பெயின்டைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் அளந்து, அதே கனத்தில் எடுங்கள். பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ.க்குள் இருக்கும். கடையில் கனத்தைக் குறிக்கும் கேஜ் எண் சொல்லாமல் மில்லிமீட்டரில் கேளுங்கள்: அமெரிக்க அளவில் 18 கேஜ் என்றால் இரும்பில் சுமார் 1.2 மி.மீ., அலுமினியத்தில் 1 மி.மீ.தான். கோல்ட் ரோல்டு (சூடாக்காமல் உருட்டிய தகடு), அதிலும் டிராயிங் தரம் (எளிதில் கிழியாமல் விரியும் மென்மையான தரம்) என்று கேட்டு வாங்குங்கள். ஜிங்க் பூசியது வேண்டாம், வெல்டிங்கில் வரும் புகை உடம்புக்கு ஆகாது.

அளவுக்கு எதிர்ப்பக்க மட்கார்டில் காகிதம் ஒட்டி அச்சு எடுங்கள். வெட்டும்முன் காகிதத்தைத் திருப்பிப் போட மறந்தால், அதே பக்கத்துக்கே இன்னொரு துண்டு தயாராகிவிடும்!