சர்வதேசக் குற்றவியல் சட்டத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

"எல்.எல்.எம். படிக்கிறேன். இந்தத் தாளில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. எதைப் படிப்பது, எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைரியமாகப் பலவற்றை விடலாம். முதலில், ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் பற்றிய 6, 7, 8 ஆகிய பிரிவுகளும், பொறுப்பைப் பற்றிய 25, 28-உம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வர வேண்டும். ஏராளமானோர் கொல்லப்பட்டாலே இனப்படுகொலை என்று எழுதுபவர்கள்தான் அதிகம். ஒரு குழுவை அந்தக் குழு என்பதற்காகவே அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். அது இல்லாவிட்டால், குடிமக்கள் மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் நடந்ததா என்று 7-ஆம் பிரிவைப் பாருங்கள்.

அப்புறம், ஒரு தீர்ப்பையாவது முழுதாகப் படியுங்கள். என் தேர்வு, 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் அகாயேசு வழக்கு. ருவாண்டாவில் தாபா என்ற ஊரின் மேயர் அவர். தொடக்கத்தில் கொலைகளைத் தடுக்க முயன்றவர், 1994 ஏப்ரல் 18-க்குப் பிறகு அடியோடு மாறினார். கொன்ற தரப்பான ஹூட்டுவும் கொல்லப்பட்ட தரப்பான டூட்ஸியும் பேசுவது ஒரே மொழி, பண்பாடும் ஒன்றுதான். அப்படியானால் டூட்ஸி தனி இனக்குழுவா? அடையாள அட்டையிலேயே இனம் குறிக்கப்பட்டிருந்ததை நீதிபதிகள் எடுத்துக்காட்டிய இடத்தை நிதானமாகப் படியுங்கள். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சிகள் வாய் திறந்த பிறகுதான், 1997-இல், அது சேர்க்கப்பட்டது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று 1998 செப்டம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண்களின் சாட்சியத்தைச் சுருக்கக் குறிப்பில் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். இந்தச் சட்டம் யாருக்காக என்பது அங்கேதான் புரியும்.

கீழிருக்கும் படையினரின் குற்றத்துக்குத் தளபதி எப்போது பொறுப்பு என்பதற்கு, காங்கோ தலைவர் பெம்பா மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு போதும். 2016-இல் 18 ஆண்டு சிறை, 2018-இல் மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் விடுதலை. தொலைவில் இருக்கும் தளபதி எந்த அளவு நடவடிக்கை எடுத்தால் போதும் என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்தார்கள். மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் கட்டுரைக் கேள்விக்கு வாதம் தயார்.

சம்பவம் கொடுத்துக் கேட்கும் கேள்வியில், குற்றத்துக்குள் போகும் முன் அதிகார வரம்பைப் பாருங்கள். சம்பவம், சாசனம் நடைமுறைக்கு வந்த 2002 ஜூலை 1-க்கு முந்தையதா? நடந்த இடமோ, குற்றம் சாட்டப்பட்டவரின் நாடோ சாசனத்தில் சேர்ந்ததா? இரண்டும் இல்லையென்றால் ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பியிருக்கிறதா? சூடான் உறுப்பு நாடாக இல்லாமலே, 2005-இல் அதன் டார்ஃபூர் பகுதியில் நடந்த குற்றங்களின் விவகாரம் ஹேக் போனது அந்த வழியில்தான். இந்தியாவும் இதில் சேரவில்லை. ஆனால் இந்தியர் ஒருவர் உறுப்பு நாட்டு மண்ணில் குற்றம் செய்தால் நீதிமன்றம் விசாரிக்கலாம். கேள்வித்தாளில் இப்படி ஒன்று வந்தால், 12-ஆம் பிரிவிலிருந்து பதிலைத் தொடங்குங்கள்.