மூன்றாம் ஆண்டை வெளிநாட்டில் படிக்கலாமா?
போக ஆசை, ஆனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகுமோ என்று பயம் என எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அங்கே எடுக்கப்போகும் பாடங்களின் பாடத்திட்டத்தோடு துறைத்தலைவரைப் பாருங்கள். ஒவ்வொன்றும் உங்கள் கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவுக்குத் தரும் புள்ளி) என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். “வந்ததும் பார்த்துக்கலாம்” என்ற வாய்ப்பேச்சை மட்டும் நம்பவே வேண்டாம். ஐரோப்பியக் கணக்கில் முழு ஆண்டுக்கு 60 கிரெடிட்; அதில் பாதி இங்கே ஈடாகாவிட்டால் முழு ஆண்டு வேண்டாம், ஒரு செமஸ்டர் மட்டும் போய்வந்தால் போதும்.

அப்புறம் பணம். இரு கல்லூரிகளுக்கு இடையிலான மாணவர் பரிமாற்றத் திட்டம் என்றால் பெரும்பாலும் உங்கள் கல்லூரிக்கே கட்டணம் கட்டுவீர்கள். தங்குமிடம், விசா, காப்பீடு தனி.

கையெழுத்து கிடைத்தால் தயங்காமல் போங்கள் என்பேன். விண்ணப்பக் கடைசித் தேதி பல மாதங்கள் முன்பே வந்துவிடும், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.