நான் ஓட்டுப் போடாத எம்.பி. எனக்குப் பிரதிநிதியா?

"மக்களவை உண்மையிலேயே மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் கடுப்பைப் பார்த்தால் உங்கள் வேட்பாளர் தோற்றுவிட்டார் போலத் தெரிகிறது. அப்படியானால் நாம் ஒரே கட்சி. நான் ஓட்டுப் போட்ட ஒருவர்கூட இதுவரை டெல்லி போய்ச் சேர்ந்ததில்லை. இதை வைத்து என்னை உ.பி. (தி.மு.க. உடன்பிறப்பு) என்றோ சங்கி என்றோ முத்திரை குத்த வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் குத்தவும்.

முதலில் கணக்கு. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத வாக்கு வாங்கி 39இல் 37 இடங்களைப் பிடித்தது. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். 2024இல் நிலைமை அப்படியே தலைகீழ். தி.மு.க. கூட்டணிக்குப் பாதிக்கும் சற்றுக் குறைவான வாக்கு, ஆனால் 39க்கு 39. சுமார் 20 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. ஆக, தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிக்கும் இந்த முறையை இரண்டு கட்சிக்காரர்களும் திட்டலாம், ஜெயித்த வருடம் மட்டும் திட்டமாட்டார்கள். பெண்களைச் சொன்னால் 2024இல் 543 பேரில் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் சட்டத்திருத்தம் செய்தார்கள், அதைக் கொண்டுபோய் மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மறுவரையறை பற்றித் தனியாகக் கேளுங்கள், தனியாகத் திட்டுகிறேன்.

சரி, நான் இந்தப் பதிலை எழுத வந்த காரணம் வேறு. அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். அப்பாவின் பழைய பணிப் பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது அந்த அலுவலகத்துக்கு. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், தாசில்தார் சான்று என்று கேட்டதையெல்லாம் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று கேட்டார்கள்.

மாமாதான் சொன்னார், "எம்.பி. ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துப் பாரு மாப்ள."

"அவருக்கா நான் ஓட்டுப் போட்டேன்?"

"அது அவருக்கா தெரியும்?"

போனேன். உதவியாளர் மனுவை வாங்கி ஓய்வூதிய ஆணை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார், எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. எம்.பி.யின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போனது, நகல் எனக்கும் வந்தது. கொஞ்ச நாளில் அந்த அலுவலகத்திலிருந்து போன்: "இதுக்குப் போய் எம்.பி. வரைக்கும் போகணுமா சார்? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்ன சொல்வது இதற்கு? அரியர்ஸோடு பணம் வந்துவிட்டது.

இந்த இனிஷியல் தொல்லையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பல படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டால் விமான நிலையத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். காலியாக விட்டால் படிவம் நகரமாட்டேன் என்கிறது. தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் போகிறார்களே, ஒருவராவது இதைக் கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் சந்தோஷம், கட்டம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வூதியம் கிடைத்த தைரியத்தில் பிறகு ஒரு மசோதாவைப் பற்றி அதே எம்.பி.க்கு எழுதினேன். என் தொழிலைத் தொட்ட மசோதா, எதிர்த்து வாக்களிக்கச் சொல்லிக் காரணங்களும் எழுதினேன். உதவியாளரே போன் செய்தார். "அதெல்லாம் தலைமை முடிவு பண்றது சார், அண்ணன் என்ன பண்ணுவார்?" அந்த நேர்மைக்கு அவருக்கு நன்றி. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கொறடா (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர்) போடும் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போகும். தொகுதியில் இருக்கும் பதினெட்டு லட்சம் பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அவர் கட்சி சொன்ன பொத்தானைத்தான் அழுத்த முடியும்.

உடனே, "அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஆளாளுக்கு விலை போவார்கள்" என்று பாடம் எடுக்க வருவீர்கள். தெரியும். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார், அதற்காகத்தான் சட்டம் என்றார்கள். சட்டம் வந்து முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2017இல், கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்களை அடைத்து வைத்திருந்ததை டி.வி.யில் பார்த்தோமே? சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் கொறடா கட்டுப்படுத்தட்டும், மற்றதில் எம்.பி. தன் புத்திப்படி வாக்களிக்கட்டும் என்கிறேன். நான் கண்டுபிடித்ததும் அல்ல, 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு கிட்டத்தட்ட இதைத்தான் பரிந்துரைத்தது. எந்தத் தலைமைதான் கையிலிருக்கும் சாட்டையைக் கீழே வைக்கும்?

எனவே உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தில் பதில்: அம்மாவின் ஓய்வூதியத்துக்கு அவர் முழுக்க முழுக்க என் பிரதிநிதி, நான் எதிராக ஓட்டுப் போட்டிருந்தும். அந்த மசோதாவுக்கு அவர் கட்சியின் பிரதிநிதி. நடுவில் ஓரளவு சுதந்திரமான இடம் கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்விகள் வரை எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் எம்.பி. என்ன கேட்டார் என்பது மக்களவை இணையதளத்தில் அவர் பெயரிலேயே கிடைக்கும், போய்ப் பாருங்கள்.

சொந்தப் பிரச்சினைக்கு அவரைப் பார்க்கப் போவதாக இருந்தால் கூட்டத்தொடர் நடக்காத நாளாகப் பார்த்துப் போங்கள், மனுவில் கோப்பு எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். மசோதா பற்றி எழுதுவதானால் நேராகக் கட்சித் தலைமைக்கே எழுதிவிடுங்கள், தபால் செலவு ஒன்றுதான்.