வைல்டர்னஸ் ரோடு: அந்தப் பாதையை வெட்டியவர் யார்?

கேள்வி: மலைகளைக் கடந்து கென்டக்கிக்குச் சென்ற, அமெரிக்காவின் வைல்டர்னஸ் ரோடு என்னும் சாலையை வேட்டைக்காரரும் வழிகாட்டியுமான டேனியல் பூன் தனியொருவராக அமைத்தாரா? அதன் வழியே குடியேறியவர்கள் யார்?

தனியொருவராகவும் இல்லை, புதிதாகவும் இல்லை. உப்புமண்ணைத் தேடி அலைந்த காட்டெருமைக் கூட்டங்கள் நெடுங்காலம் மிதித்து உண்டாக்கிய தடங்கள் அந்தக் காடுகளில் முன்பே இருந்தன. செரோக்கீ, ஷானீ பழங்குடி மக்கள் அவற்றின் வழியே வேட்டைக்கும் போருக்கும் சென்றுவந்தார்கள். அப்பலாச்சியன் மலைத்தொடரை அந்தத் தடம் கடக்கும் இடம்தான் கம்பர்லாந்து கணவாய்.

1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்பவரின் நிறுவனம் செரோக்கீ தலைவர்களிடம் சரக்குகளைக் கொடுத்து, இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதியை எழுதி வாங்கியது. டிராகிங் கனூ என்ற செரோக்கீ தலைவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பின்னர் வர்ஜீனியா அரசே அந்த விற்பனை செல்லாது என்றது. பூன் வெட்டிய பாதை அந்த விற்பனையை நம்பி வெட்டப்பட்டதுதான்.

ஹெண்டர்சனுக்காகப் பூனின் தலைமையில் ஏறக்குறைய 30 பேர் கோடரியுடன் ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டார்கள். பூனின் மகள் சூசன்னாவும், அடிமையாக இருந்த ஒரு பெண்ணும் அவர்களுக்குச் சமைத்துப் போட உடன் சென்றார்கள். அந்தப் பெண்ணின் உழைப்பைப் பலர் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. மூன்று வாரங்களில் சுமார் 200 மைல். மார்ச் 25 விடியுமுன் நடந்த தாக்குதலில் சாம் என்ற அடிமை அங்கேயே இறந்தார். அவருடைய எஜமானர் ட்விட்டி, பட்ட காயத்தால் பிறகு இறந்தார்.

பூனுக்கு அது முதல் இழப்பு அன்று. 1773 அக்டோபரில் குடும்பத்தோடு கென்டக்கிக்குப் புறப்பட்டபோது, பதினாறு வயது மகன் ஜேம்ஸ் வழியிலேயே கொல்லப்பட்டான். ஒன்றரை ஆண்டு கழித்து அதே திசையில் மீண்டும் நடந்த அந்தத் தந்தையின் மனத்தை என்னால் இன்றும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை.

வெட்டி முடித்த பிறகும் அது சாலை ஆகிவிடவில்லை. பொதிக்குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அகலம்தான். வர்ஜீனியாவிலிருந்தும் வட கரோலினாவிலிருந்தும் ஏழை விவசாயிகள் நிலத்துக்காக அதில் நடந்தார்கள். 1781இல் லூயிஸ் கிரெய்க் என்ற போதகரின் பின்னால் ஒரு பாப்டிஸ்ட் சபையே, சில நூறு பேராகத் திரண்டு நடந்தது. 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியில் 73,677 பேர். ஓஹையோ ஆற்றில் படகில் வந்தவர்களும் இதில் அடக்கம். அந்த மொத்தத்தில் 12,430 பேர் அடிமைகள். ஆறில் ஒருவர் தம் விருப்பத்தால் வரவில்லை என்பதை நினைக்காமல் 'குடியேறிகள்' என்ற சொல்லை என்னால் எழுத முடிவதில்லை. வந்தவர்களுக்கும் அமைதி கிடைக்கவில்லை. ஆபிரகாம் லிங்கனின் தாத்தா 1786இல் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அதைச் சிறுவனாக நேரில் கண்ட தாமஸ்தான் பின்னாளில் லிங்கனின் தந்தை.

1796இல் அந்தப் பாதையை வண்டிகள் போகும்படி அகலப்படுத்தும் வேலையைக் கென்டக்கி அரசு மேற்கொண்டது. அந்த வேலையைத் தமக்குத் தரும்படி ஆளுநர் ஐசக் ஷெல்பிக்குப் பூன் கடிதம் எழுதினார். வேலை வேறு ஆட்களுக்குப் போனது. பட்டா வழக்குகளில் தம் நிலங்களையும் இழந்த அவர், 1799இல் குடும்பத்தோடு மிசூரிக்குப் போய்விட்டார்.