இரவு முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கையடக்கக் கணினி

கேள்வி: வங்கியில் பணிபுரியும் எனக்கு வயது 44. கல்லூரி நாட்களில் இருந்த கேம் விளையாடும் பழக்கம், வேலை, குடும்பம் என்றானபின் நின்றுபோயிற்று. அமெரிக்காவில் இருக்கும் தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியை வாங்கி வருவதாகச் சொல்கிறான். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதுவும் வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள்தான். இவ்வளவு குறைவாக விளையாடுபவனுக்கு இது தேவைதானா?
— வாசகர், ஈரோடு

பதில்: நாள் முழுவதும் விளையாடுபவரைவிட உங்களைப் போன்றவருக்கே இக்கருவி அதிகம் பயன்படும் என்று உறுதியாகச் சொல்வேன். 2022 பிப்ரவரியில் வெளிவந்த முதல் மாடலைத்தான் நானும் வைத்திருக்கிறேன். எனக்கும் கிடைப்பது இரவில் அதே முக்கால் மணி நேரம்தான்.

வால்வ் நிறுவனத்தின் இந்தக் கருவி, கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருக்கப்பட்ட முழுமையான கணினி. ஏஎம்டி பிராசசர், 16 ஜிபி நினைவகம், 7 அங்குலத் திரை, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ் என்று அதன் விவரங்களை எங்கும் படிக்கலாம். ஆனால் விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படாத ஒன்றுதான் உங்களுக்கு முக்கியம். மேல் விளிம்பில் இருக்கும் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால், கேம் எந்த நொடியில் இருந்ததோ அந்த நொடியிலேயே கருவி உறங்கிவிடும். மறுநாள் இரவு மீண்டும் அழுத்தினால், பாத்திரம் பாதிப் படியில் நின்றிருந்தால் அதே பாதிப் படியிலிருந்து ஏறத் தொடங்கும். மேசைக் கணினியைப் போட்டு, அது தயாராகும்வரை காத்திருந்து, கேமைத் திறந்து, பழைய சேமிப்பைத் தேடி எடுப்பதற்குள் உங்கள் முக்கால் மணி நேரத்தில் கால் பங்கு போய்விடும். குழந்தை அழுதாலோ அழைப்பு மணி அடித்தாலோ, சேமிக்கும் இடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய நெருக்கடியும் இதில் இல்லை. நான் ஏழெட்டு ஆண்டுகளாக வாங்கி மட்டும் வைத்திருந்த இரண்டு நீண்ட கேம்களை இந்த ஒரு வசதியால்தான் முடித்தேன். இணையத்தில் பிறரோடு விளையாடும் கேம்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உறங்க வைத்தவுடன் இணைப்பு அறுந்துவிடும்.

நம் வயதுக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் கண். பெரிய திரைக்காக வடிவமைக்கப்பட்ட கேம்களின் எழுத்துகள் இந்த 7 அங்குலத்தில் எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஸ்டீம் பட்டனை அழுத்திக்கொண்டு இடப்பக்கத் தோள் பட்டனான எல்1-ஐ அழுத்தினால் திரையின் ஒரு பகுதி பெரிதாகும் என்றாலும், பக்கம் பக்கமாக உரையாடல் வரும் கேமில் அது அலுத்துவிடும். எனவே ஒரு கேமை வாங்குமுன், வால்வின் இணையக் கடையான ஸ்டீமில் அந்த கேமுக்குச் சரிபார்க்கப்பட்டது என்ற பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதும் அந்தக் குறிக்கான நிபந்தனைகளில் ஒன்று. அப்படியும் கண்ணுக்கு ஒத்துவராவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நான் மூன்று முறை கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

பேட்டரி பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். முதல் மாடலின் பேட்டரி 40 வாட்-மணி கொண்டது. கருவி முழு மூச்சில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும்போது இரண்டு மணி நேரம்கூட நிற்காது. எளிய இருபரிமாண கேம் 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம் வரும். கனமான கேமில் நான் செய்வது, மூன்று புள்ளி போட்ட பட்டனை அழுத்தி நொடிக்கு 40 காட்சிகள் என்று வரம்பு வைத்துவிடுவது. 30-இல் ஒவ்வொரு காட்சிக்கும் ஏறத்தாழ 33 மில்லி நொடி, 60-இல் 17. 40-இல் அது 25, அதாவது இரண்டுக்கும் நடுவே. கண்ணுக்குத் தயக்கம் தெரியாது, மின்விசிறியின் இரைச்சலும் தணிந்துவிடும். பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது அந்த இரைச்சல் சிறிய விஷயமல்ல.

எடை 669 கிராம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். தம்பியிடம் 2023 நவம்பரில் வெளிவந்த ஓஎல்இடி மாடலைக் கேளுங்கள். 7.4 அங்குலத் திரை, 50 வாட்-மணி பேட்டரி, 640 கிராம் எடை என்று நான் குறை சொன்ன எல்லாமே அதில் கொஞ்சம் மேம்பட்டிருக்கின்றன.

கேள்வி: என் பதினைந்து வயது மகன், நண்பர்களோடு விளையாடும் கேம் ஸ்டீம் டெக்கில் ஓடாது, விண்டோஸ் உள்ள ஆசுஸ் ரோக் ஆலி என்ற கையடக்கக் கருவிதான் வேண்டும் என்கிறான். விலை கூடியதைக் கேட்பதற்காகச் சொல்கிறானா, உண்மைதானா?
— வாசகி, திருச்சி

பதில்: அவன் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓடவைக்க ப்ரோட்டான் என்ற இடைநிலை மென்பொருளை ஸ்டீம் டெக் பயன்படுத்துகிறது. தனியாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை அதில் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக ஓடுகின்றன. ஆனால் போட்டி கேம்கள் சிலவற்றில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் கண்காணிப்பு நிரல் விண்டோஸின் ஆழத்தில் அமர்ந்து வேலை செய்வது; அதை லினக்ஸில் அனுமதிப்பதா என்பதை அந்தந்த கேம் நிறுவனமே முடிவு செய்கிறது. வேலோரண்ட்டும் ஃபோர்ட்நைட்டும் ஸ்டீம் ஓஎஸ்ஸில் நேரடியாக ஓடாததற்கு இதுவே காரணம். கருவியின் திறன் காரணமல்ல. அவன் விளையாடும் கேமின் பெயரை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இவற்றில் ஒன்றானால் விண்டோஸ் கருவிதான் வழி; உறக்கமும் விழிப்பும் அதில் இவ்வளவு நம்பகமாக இராது என்றாலும், இணைய கேம் மட்டுமே விளையாடும் பையனுக்கு அது இழப்பாகத் தோன்றாது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ஸ்டீம் டெக் இங்கே பழுதானால் என்ன செய்வது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வால்வ் இதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே வாங்கிய நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் உத்தரவாதத்தில் பழுது பார்ப்பது கடினம். வாங்கித் தருபவர் அங்கேயே ஒரு வாரமாவது அதை ஓட்டிப் பார்க்கட்டும்: முழு வெள்ளைத் திரையில் ஒளிராத புள்ளி ஏதும் தெரிகிறதா, கைவிட்டதும் கட்டைவிரலால் அசைக்கும் இரு ஸ்டிக்குகளும் நடுவுக்குத் திரும்புகின்றனவா, மெமரி கார்டை ஏற்கிறதா என்று பார்த்தால் போதும். ஸ்டிக்குகளைத் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். பேட்டரி பலமான பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அதில் மட்டும் நீங்களே கை வைக்க வேண்டாம். சார்ஜரைப் பற்றிக் கவலை இல்லை; 45 வாட் தரும் நல்ல யுஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் எதுவும் போதும்.