காதொன்று களைதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எழுதக் கற்பிக்கும் உத்தி நூல்களைப் பற்றி நீங்கள் மதிப்புடன் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீச்சலைப் பற்றிய நூலைப் படித்து யாரும் நீந்தக் கற்றதில்லை. அப்படிப்பட்ட மூன்று நூல்களை வாங்கி, மூன்றையும் பாதியில் மூடிவிட்டேன். காதல் நாவல்களைப் பற்றியும் என் கருத்து இதுதான். ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்தது போல. முதல் அத்தியாயத்தில் சண்டையிடுபவர்கள் கடைசி அத்தியாயத்தில் சேரப்போகிறார்கள் என்பது அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த முடிவுக்கு முந்நூறு பக்கம் எதற்கு? இவை சும்மா தோன்றியவைதான், பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமான கதையாகிவிடக் கூடாது என்பதற்காக இறுதியில் நாயகன் விபத்தில் இறந்துவிடுவதாக வைத்திருக்கிறேன். சரிதானா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யோசித்துச் சொல்லும் கருத்துகளை நாம் கொஞ்சம் பூசி மெழுகிவிடுவோம். சும்மா சொல்லும்போதுதான் உள்ளே கிடப்பது வெளியே வருகிறது. ஆகவே உங்கள் கடிதத்தை மகிழ்ச்சியுடன் படித்தேன். அதில் இரண்டு கருத்துகள் இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே படுகின்றன. விதி முன்பே தெரிந்துவிட்டால் அங்கே படைப்புக்கு வேலையில்லை என்பதுதான் அந்தக் கருத்து. அதனால்தான் விதியைச் சொல்லித்தரும் நூலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை, விதிப்படி முடியும் கதையும் பிடிக்கவில்லை.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். உத்தி நூல்களில் பெரும்பாலானவை மோசமானவை. ஒரு நூல் சொன்னதையே அடுத்த நூல் வேறு உதாரணத்தோடு சொல்லும். கதையின் கால் பாகத்தில் இன்னது நடக்க வேண்டும், பாதியில் இன்னது திரும்ப வேண்டும், முக்கால் பாகத்தில் காதலர் பிரிய வேண்டும் என்று தையற்காரர் அளவெடுப்பது போலக் குறித்துத் தரும், யார் உடம்புக்கு என்பதைக் கேட்காமலே. என் இளம் வயதில் நானும் அப்படி ஒரு நூலின் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு நாவல் எழுத முயன்றேன். பதினோராம் அத்தியாயத்தில் பிரிய வேண்டியவர்களுக்குப் பிரிவதற்குக் காரணமே இல்லாததால் ஒரு கடிதத்தைத் தொலையவைத்தேன். அந்தக் கடிதம் ஏன் தொலைந்தது என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது.

ஆனால் நூல் மோசமானது என்பதும் விதி வீணானது என்பதும் ஒன்றல்ல. எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பது போல இலக்கியத்திலிருந்து எடுக்கப்படுவது இலக்கணம் என்று பழஞ்சூத்திரம் ஒன்று உண்டு. உத்தி நூலும் அப்படித்தான், எழுதப்பட்டவற்றைப் பார்த்துப் பின்னால் திரட்டியது. எண்ணெயை வைத்துக்கொண்டு எள் விளைவிக்க முடியாது என்பது உங்கள் புகார் என்றால், அது சரியான புகார். எண்ணெய்க்கு வேறு பயன் இருக்கிறது. முதல் வரைவை முடித்துவிட்டு, ஏதோ இடிக்கிறது என்பது தெரிந்து, எங்கே இடிக்கிறது என்பது தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்த நூல்களைத் திறந்தால், முன்பு சலிப்பூட்டிய அதே வரிகள் நம்மைக் குறிவைத்துப் பேசுவது போல இருக்கும். நீங்கள் மூன்று நூல்களையும் எழுதத் தொடங்கும் முன்பே படித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

காதலை எழுதச் சொல்லித்தரும் நூல் என்றதும் அண்மைக்காலச் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் இலக்கணமான தொல்காப்பியம், எழுத்தையும் சொல்லையும் முடித்துவிட்டுப் பொருளதிகாரத்துக்கு வரும்போது, அதன் ஒன்பது இயல்களில் அகத்திணையியல், களவியல், கற்பியல், பொருளியல் என நான்கைக் காதலைச் சுற்றியே அமைத்திருக்கிறது. யார் எந்தச் சூழலில் பேசலாம், தோழி எப்போது குறுக்கிட வேண்டும், மகள் காதலனோடு போய்விட்டால் தாய் என்ன சொல்லிப் புலம்புவாள் என்பதுவரை வகுத்துத் தருகிறது. காதலர்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்றுகூட ஒரு விதி இருக்கிறது: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.' இன்றைய எந்த உத்தி நூலாசிரியருக்கும் இவ்வளவு துணிச்சல் வராது. களவில், அதாவது ஊரறியாக் காதலில், சந்தித்தவர்கள் கற்பில், அதாவது மணவாழ்வில், சேர வேண்டும் என்பது அன்று பாட்டைக் கேட்ட எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அப்படியிருந்தும் கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் மட்டும் 401 பாடல்கள் இருக்கின்றன. ஒன்றைப் படித்தவர் எவரும் மற்ற நானூறையும் படித்துவிட்டதாகச் சொல்ல மாட்டார்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைப் பேசும் இயலான தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் ஓர் இடத்தைச் சற்று நின்று பார்க்கலாம். காதல் கொண்ட பெண்ணிடம் தெரியும் குறிகளை அது படிப்படியாக வரிசைப்படுத்துகிறது. முதற்படியில் 'பொறிநுதல் வியர்த்தல்', 'நகுநயம் மறைத்தல்' என்பவை வருகின்றன. நெற்றி வியர்க்கிறது, சிரிப்பு வருகிறது, அதை மறைக்கிறாள். அடுத்த படியில் 'கூழை விரித்தல், காதொன்று களைதல், ஊழணி தைவரல், உடைபெயர்த் துடுத்தல்'. கூந்தலை விரிக்கிறாள், காதணி ஒன்றைக் களைகிறாள், அணிந்திருக்கும் அணிகளைத் தடவுகிறாள், உடுத்திய உடையைக் குலைத்துத் திரும்ப உடுத்துகிறாள். சொல்லாதே, காட்டு என்று எல்லா உத்தி நூல்களும் ஓதுகின்றன, ஆனால் எதைக் காட்டுவது என்பதைச் சொல்வதில்லை. இந்த நூல் சொல்கிறது. அந்த 'ஒன்று' என்ற எண்ணில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். இரண்டு காதணிகளையும் கழற்றுபவள் உறங்கப் போகிறாள். ஒன்றை மட்டும் கழற்றியவளின் கை தன்போக்கில் ஏதோ செய்கிறது, மனம் அங்கே இல்லை. இது என் வாசிப்பு. உரைகள் வேறு வழியிலும் போகும்.

இது எனக்கு எப்படி உதவியது என்பதையும் சொல்கிறேன். ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இருவரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். முதல் வரைவில், 'அவனைக் கண்டதும் அவள் மனம் படபடத்தது. இதுதான் காதலோ என்று எண்ணினாள்' என்ற வரி இருந்தது. கை கூசாமல் எழுதியிருந்தேன். பிறகொரு நாள் மெய்ப்பாட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த வரி நினைவுக்கு வந்து உறுத்தியது. அதை அடித்துவிட்டு, அவனுடைய சட்டையில் ஒரு பொத்தான் தவறான துளையில் மாட்டியிருப்பதை அவள் கவனிப்பதாக மாற்றினேன். முந்தின வாரம் என்றால் சிரித்துக்கொண்டே அவனிடம் சொல்லியிருப்பாள். அன்று சொல்லவில்லை. சொன்னால், தான் அவ்வளவு நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். பகல் முழுவதும் அவன் அந்தப் பொத்தானோடு அலைகிறான். மாலையில் வேறொருத்தி போகிறபோக்கில் அதைச் சொல்லிவிடுகிறாள், இவளுக்குக் கோபம் வருகிறது. அதற்குப் பிறகு அந்தக் கதையில் காதல் என்ற சொல்லுக்குத் தேவையே ஏற்படவில்லை. தொல்காப்பியம் எனக்குப் பொத்தானைத் தரவில்லை. என் பழைய வரியில் உடம்பு என்ற ஒன்றே இல்லை என்பதை மட்டும் காட்டிக்கொடுத்தது.

வழிகாட்டி நூலிலிருந்து படைப்பு பிறக்கவே பிறக்காது என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. 1739-ஆம் ஆண்டு, லண்டனில் அச்சகம் நடத்திவந்த சாமுவேல் ரிச்சர்ட்சனிடம் இரண்டு புத்தக வணிகர்கள், கடிதம் எழுதிப் பழகாதவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளும்படி மாதிரிக் கடிதங்களின் தொகுப்பு ஒன்றைக் கேட்டார்கள். வேலைக்குப் போன வீட்டில் எசமானின் தொல்லைக்கு ஆளான மகளுக்குத் தந்தை எழுதும் கடிதமும் அவற்றில் ஒன்று. கையேட்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதை மூண்டுவிட, கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, கடிதங்களாலும் நாட்குறிப்பாலும் ஆன 'பமீலா' நாவலை எழுதினார். நாவல் 1740-இல் வந்துவிட்டது. கையேடு 1741-இல்தான் வந்தது. ஆங்கிலக் காதல் நாவலின் வேர்களில் ஒன்று இப்படி ஒரு கடிதக் கையேட்டுக்குள் இருக்கிறது.

இனி முந்நூறு பக்கக் கேள்விக்கு வருகிறேன். ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று 1980-இல் தொடங்கப்பட்ட எழுத்தாளர் அமைப்பு ஒன்று உண்டு. காதல் நாவலுக்கு அது வகுத்த இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள்தான் இருக்கின்றன. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். மற்றதெல்லாம் எழுதுபவர் பாடு. துப்பறியும் கதையில் குற்றவாளி அகப்படுவான் என்று தெரிந்தேதான் நாம் முதல் பக்கத்தைத் திறக்கிறோம், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் வகை என்பதாலோ என்னவோ, காதல் நாவலிடம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். முடிவு தெரிந்திருப்பதால் வாசகரின் ஆவல் போய்விடுவதில்லை, இடம் மாறுகிறது. சேர்வார்களா என்பதை விட்டுவிட்டு, இவ்வளவு விலகி நிற்கும் இவர்கள் எந்த வழியாகச் சேர முடியும் என்று பார்க்கத் தொடங்குகிறார்.

ஆகவே கதையின் பாரம் முழுவதும் தடையின் மேல் ஏறுகிறது. மோசமான காதல் நாவல் அலுப்பது தடை பொய்யாக இருப்பதால்தான். அதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் கதை முடிந்துவிடுமா? முடிந்துவிடும் என்றால் அங்கே தடை என்று எதுவும் இல்லை, ஆசிரியர் அவர்கள் வாயைப் பொத்தி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிறர் செய்யும் உதவியைக் கடனாகவே நினைப்பவள் ஒருத்தி, உதவி செய்வதைத் தவிர வேறு வழியில் அன்பைக் காட்டத் தெரியாதவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஐந்து மணி நேரம் பேசினாலும் தீராது. அவன் நெருங்க நெருங்க அவள் கணக்கில் கடன் ஏறுகிறது. இங்கே முந்நூறு பக்கத்துக்கு வேலை இருக்கிறது.

தவறான புரிதலே கதையில் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அகப்பாடல்களில் அல்லகுறிப்படுதல் என்று ஒன்று உண்டு. இரவில் தலைவன் எழுப்பும் ஒலிக்காகக் காத்திருப்பவள், இயற்கையாக எழுந்த ஏதோ ஓர் ஒலியை அவன் தந்த குறி என்று நம்பி வெளியே வந்து, அவனைக் காணாமல் திரும்புகிறாள். அவ்வளவு கூர்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததால்தான் அவளுக்கு அந்தத் தவறு நேர்கிறது, அயர்ந்து உறங்கியிருந்தால் நேர்ந்திருக்காது. நான் தொலைத்த கடிதத்தில் யாருடைய மனமும் இல்லை.

காதல் நாவல்களின் மேல் வைக்கப்படும் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் நான் முழுமையாகக் குற்றம் சாட்டுபவர்கள் பக்கம். நாயகன் அவளை அவமதிக்கிறான், மிரட்டுகிறான், சில கதைகளில் கைநீட்டவும் செய்கிறான். பிற்பாடு அதெல்லாம் ஆழ்ந்த காதலின் அடையாளம் என்று ஆகிவிடுகிறது. 'பமீலா'வின் பணிப்பெண்ணும் தன்னைத் துன்புறுத்திய எசமானையேதான் இறுதியில் மணக்கிறாள் என்பதால் இது நேற்று முளைத்த நோய் அல்ல. ஒழுக்கத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு வெறும் கதைக்கட்டாகப் பார்த்தாலும் அது பழுதுதான். தடை அவனுடைய கொடுமை என்றால் அந்தக் கொடுமை தீர வேண்டும். இத்தகைய கதைகளில் அது தீர்வதில்லை, அதற்கு வேறு பெயர் வைக்கப்படுகிறது.

விதியை நன்கு அறிந்த கை எங்கே அதை உதறும் என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நாவல் முழுவதும் நாம் காத்திருந்த இடத்தில் நாயகன் தன் காதலைச் சொல்கிறான். எம்மா என்ன பதில் சொன்னாள்? சொல்ல வேண்டியதைச் சொன்னாள் என்று மட்டும் தெரிவித்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். காட்டு என்னும் விதிப்படி இது பெரும்பிழை. ஆனால் அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் பேச்சு அந்த ஓரிடத்தில் மட்டும் நமக்குக் கேட்காமல் போவதால், அந்தப் பதில் அவனுக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது.

உங்கள் நாயகனின் விபத்துக்கு வருகிறேன். சோகமாக முடிப்பதில் தவறேதும் இல்லை. நான் மேலே சொன்ன அமைப்பின் இலக்கணப்படி அது காதல் நாவலாக இருக்காது, காதலைப் பற்றிய வேறொரு நாவலாக இருக்கும், அவ்வளவே. என்னுடைய சந்தேகம் வேறு. வழக்கமான கதையாகிவிடக் கூடாது என்பதற்காக அவன் இறக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடைய காரணம். கதைக்குள் அந்தச் சாவுக்கு என்ன காரணம் இருக்கிறது? விபத்துக்கு முந்தின அத்தியாயத்தில் இருவரும் சேரத் தயாராகிவிட்டார்கள் என்றால், நீங்கள் எழுதியிருப்பது நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே கதைதான். கடைசியில் ஒரு வாகனம் மட்டும் கூடுதலாக வந்திருக்கிறது. நான் தொலைத்த கடிதத்துக்கு அது அண்ணன்.

விபத்தை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தை ஒருமுறை எழுதிப் பாருங்கள். இருவரும் உயிரோடு, ஒரே அறையில், பேசுவதற்கு நேரம் உள்ளவர்களாக இருக்கட்டும். அப்போதும் அவர்களால் சேர முடியவில்லை என்றால், எதனால் முடியவில்லை என்பதை எனக்கு எழுதுங்கள். பாதியில் மூடிய மூன்று நூல்களையும் அதுவரை திறக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்