பெரம்பூர் அம்மாவுக்குச் சில புத்தகங்கள்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. கல்யாணப் பேச்சை எடுத்ததும், தனக்கு ஆண்கள் மேல்தான் ஈடுபாடு என்று சொல்லிவிட்டான். மூன்று மாதமாக லூர்து மாதா கோயிலில் நவநாள் ஜெபம் செய்கிறேன். ஹார்மோன் கோளாறாக இருக்கும், மருந்து இருக்கிறது என்கிறான் என் தம்பி. இந்த நோயிலிருந்து அவன் மீண்டு வர, ஆன்மிகமும் மருத்துவமும் கலந்த நல்ல புத்தகங்கள் நான்கைந்து சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, நீங்கள் கேட்ட மாதிரிப் புத்தகம் ஒன்றுகூட நான் சொல்லப்போவதில்லை. உங்கள் மகனுக்கு நோய் எதுவும் இல்லை. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. அதை மாற்றுகிறேன் என்று ஒரு டாக்டர் சிகிச்சை தந்தால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லியாகிவிட்டது. இது குற்றமும் இல்லை, 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். 'குணப்படுத்துகிறோம்' என்று யாராவது போர்டு மாட்டியிருந்தால் தம்பி எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்தப் படி ஏறாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே பக்கத்துக்கு ஒரு தகப்பனார் இதே மாதிரி எழுதியிருந்தார். "ஒரு கால்கட்டு போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று பதில் எழுதினேன். ஒன்றரை வருடம் கழித்து ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. பின்பக்கம் அனுப்புநர் முகவரி இல்லை. எழுதியது அந்தப் பையன் இல்லை, அவனுக்குக் கட்டிவைத்த பெண். மாமனார் தன் டைரிக்குள் என் பதிலைக் கத்தரித்து வைத்திருந்தாராம், அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு. "பொண்ணு என்ன ஆவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா சார்?" என்று கேட்டிருந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தக் கடிதம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. முகவரி இருந்திருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், பெண் பார்க்கிற வேலையை இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, புத்தகங்கள். எல்லாம் நீங்கள் படிக்க வேண்டியவை, அவனுக்கு வேண்டாம். உங்களிடம் வாய்விட்டுச் சொல்வதற்குள் அவன் எத்தனை வருடம் தனியாக இதைப் படித்து, யோசித்து, பயந்திருப்பான்!

நவநாளை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வேண்டுதலைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். 2022 ஜனவரி 26, புதன் மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் உங்களைப் போன்ற பெற்றோரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பேசினார். பிள்ளையின் ஈர்ப்பு வேறு மாதிரி இருந்தால், கண்டனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் அவனோடு கூடவே நடங்கள் என்பதுதான் சாரம். அதைத் தேடிப் படியுங்கள். அப்புறம் பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதி நுழைந்திருப்பதைக் கண்டு பொறுக்காமல் வெளியே வந்த ஒரு பெண் எழுதியது. கோயில் மனிதர்கள் சொல்வதெல்லாம் கடவுள் சொல்வதாகிவிடாது என்பதை நம்பிக்கையின் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதும்போது அதற்கு வேறு கனம்.

மருத்துவம் கேட்டீர்களே, அதற்கு இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைச் சொல்கிறேன். 2020-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. வீட்டார் விருப்பத்துக்கு மாறாகக் கல்யாணம் செய்துகொண்ட மகள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். வெளியே பெற்றோர். பணம் இருக்கிறது, வசதி இருக்கிறது, எதுவும் உதவவில்லை. மகளோடு பேசாமல் கழித்த நாட்கள் அந்தத் தகப்பனாரைப் பிடித்து ஆட்டுகின்றன. படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய், வெளியூரில் இருக்கும் என் மகளுக்கு போன் செய்தேன். நாவலில் வரும் அந்த மகளின் வாழ்க்கை வேறு, உங்கள் மகன் வாழ்க்கை வேறு. ஆனால் பிள்ளையோடு பேச்சை நிறுத்துவது என்றால் என்ன என்று இவ்வளவு பக்கத்தில் காட்டிய புத்தகம் எனக்குத் தெரிந்து தமிழில் அதிகம் இல்லை.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறான 'நான், சரவணன் வித்யா'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் திருநங்கை, உங்கள் மகன் அப்படி இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவருடைய அப்பா அதில் வருகிற இடங்களுக்காகச் சொல்கிறேன்.

இவற்றை வீட்டில் வைத்துப் படிக்கச் சங்கடமாக இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்க் கேளுங்கள். நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரவேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. பெரம்பூரிலிருந்து தூரமும் இல்லை.

கடைசியாக ஒரு தீர்ப்பு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதியது. ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு இளம்பெண்கள் வீட்டு எதிர்ப்பால் மதுரையிலிருந்து இங்கே ஓடிவந்த வழக்கு. தனக்கே இது முழுசாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் தீர்ப்பு எழுதினார். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை போட்டதும் அந்தத் தீர்ப்புதான். ஆங்கிலத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எனக்கு இதைப் படித்துத் தமிழில் சொல்லுப்பா" என்று கேளுங்கள்.